குசினி வேலை: எதை நாமே செய்வது, எதற்கு ஆள் வைப்பது?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பழைய மலிவு விலை வீடு வாங்கி வருபவர்கள் சாவி கிடைத்த வாரமே கை வைப்பது குசினியில்தான். அது நியாயம்தான். முன்கூடத்தைப் பெயிண்ட் அடித்துச் சமாளித்துவிடலாம், குசினியை அப்படிச் சமாளிக்க முடியாது. பின்பக்கம் ஒடுங்கலாக ஓர் அறை, ஒரே ஒரு பிளக் பாயிண்ட், ஒழுகும் சிங்கி (கழுவும் தொட்டி), எண்ணெய்ப் பிசுக்கேறிய சுவர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் குசினி பின்னால் தனியாக இருந்து, புகை அதன்பாட்டுக்கு வெளியே போய்ப் பழகியவர்களுக்கு இங்கே மூச்சு முட்டும்.

உடனே இரண்டு குரல்கள் எழும். மச்சான் வந்து, "எதுக்கு காண்ட்ரெக்டருக்குக் காசு கொடுக்கிறீங்க? நாலு ஞாயித்துக்கிழமை நான் வரேன், நாமே முடிச்சிடலாம்" என்பார். வீட்டிலோ, "ஒரே ஆளுகிட்ட மொத்தமா விட்டுடுங்க, தலைவலி வேணாம்" என்பார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி இருக்கிறது. குசினி வேலை என்பது பத்துக்கு மேற்பட்ட வேலைகளைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால், எது நம் கைக்கு, எது ஆளுக்கு என்பது தெரிந்துவிடும். எங்கள் வீட்டுக் குசினி, அப்புறம் தங்கை வீட்டுக் குசினி என்று இரண்டு முறை இந்த வேலையில் நின்றவன் நான். அந்த அனுபவத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில், வீடு யாருடையது?

இன்னும் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறீர்கள் என்றால் இங்கேயே கொஞ்சம் நில்லுங்கள். அந்த வீடு கம்பெனியுடையது. தொழிலாளர் குடியிருப்பு பற்றி 1990ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருக்கிறது. 446ஆம் சட்டம் என்று சொல்வார்கள். முதலாளி கொடுத்த வீட்டைப் பழுதுபார்த்து நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் பொறுப்பு. கூரை ஒழுகுகிறது, குழாய் உடைந்துவிட்டது என்றால் முதலில் ஆபீசில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். நீங்கள் சேர்த்த காசைக் கம்பெனிச் சுவரில் பூசினால், வேலையை விட்டுப் போகும்போது அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது. அங்கே வாங்குவதெல்லாம் தூக்கிப் போகக்கூடியதாக இருக்கட்டும்: தனியாக நிற்கும் அலமாரி, மேசை, அடுப்பு மேடை.

வாடகை வீட்டுக்கும் இதே கதைதான். வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்காமல் ஓர் ஆணிகூட அடிக்காதீர்கள்.

ஒரு மாதம் அப்படியே சமையுங்கள்

சொந்த வீடுதான் என்றாலும் உடனே உடைக்க வேண்டாம். இருக்கிற குசினியில் ஒரு மாதம் சமைத்துப் பாருங்கள். சுவரில் ஒரு காகிதத்தை ஒட்டி, தடுக்கும்போதெல்லாம் ஒரு வரி எழுதுங்கள். "தேங்காய் துருவ இடமில்லை." "சிங்கியிலிருந்து அடுப்புக்குப் போகக் கதவைச் சுற்ற வேண்டியிருக்கிறது." "மாவு அரைக்கும்போது பிளக் எட்டவில்லை." மாதக் கடைசியில் அந்தக் காகிதம்தான் உங்கள் பிளான். கடைக்காரர் கணினியில் காட்டும் அழகான படம் யாரோ ஒருவர் சமைக்கும் குசினி. நம் வீட்டில் கிரைண்டர் ஓடும், தாளிப்புப் புகை எழும், தீபாவளிக்கு முறுக்குச் சட்டி ஏறும்.

மேடை உயரத்தை இப்போதே அளந்துவிடுங்கள். பொதுவாக 85 முதல் 90 சென்டிமீட்டர் வைப்பார்கள். சமைப்பவர் நின்று முழங்கையை மடக்கினால், முழங்கைக்கு 10 அல்லது 15 சென்டிமீட்டர் கீழே மேடை இருக்க வேண்டும். எங்கள் அம்மா குள்ளம். அவருக்கு 80 சென்டிமீட்டரே போதுமாக இருந்தது. பெரிய சட்டி வைக்கும் அடுப்புக்கு அதைவிடவும் தணிவான மேடை வேண்டும். இல்லையென்றால் கரண்டியைப் பிடித்துக் கிண்டும்போது தோள் விட்டுப்போகும். இதையெல்லாம் காண்ட்ரெக்டர் கேட்க மாட்டார். நாம்தான் சொல்ல வேண்டும்.

மூட்டையை அவிழ்த்தல்

இப்போது ஒரு தாளில் வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். பழைய கேபினட்டைக் கழற்றுவது, சுவர் உடைப்பது, வயரிங், தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், தரை டைல்ஸ், சுவர் டைல்ஸ், சமையல் மேடை, கேபினட், சிலிங், பெயிண்ட், கேஸ், புகைபோக்கி. ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வேலை முடிந்ததும் இது கண்ணுக்குத் தெரியுமா, உள்ளே மறைந்துவிடுமா?

கண்ணுக்குத் தெரியும் வேலையில் தப்பு நடந்தால் அன்றைக்கே தெரியும். பெயிண்ட் திட்டுத் திட்டாக இருந்தால் மறுபடியும் அடிக்கலாம். கேபினட் கதவு சாய்ந்தால் கீலைத் திருகி நிமிர்த்தலாம். சுவருக்குள்ளோ தரைக்கடியிலோ போய் மறையும் வேலையில் நடந்த தப்பு ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத்தான் வெளியே வரும். அதைச் சரிசெய்ய, மேலே அழகாகச் செய்து வைத்த எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். கரண்ட், கேஸ் என்றால் அதற்கும் மேலே, உயிருக்கே ஆபத்து. ஆகவே மறையும் வேலை ஆளுக்கு, தெரியும் வேலை நமக்கு. நான் பிரிப்பது இப்படித்தான். இதில் ஒன்றிரண்டு விதிவிலக்கும் உண்டு, வரும் இடத்தில் சொல்கிறேன்.

கரண்ட் வேலையில் கை வைக்காதீர்கள்

வயரிங் வேலையைச் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு பெற்ற காண்ட்ரெக்டர் அல்லது வயர்மேன்தான் செய்ய வேண்டும். சட்டம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, கணக்கைப் பாருங்கள். நம் வீட்டு மூன்று முனை பிளக் 13 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டோடு பெருக்கினால் ஏறக்குறைய 3,000 வாட். தண்ணீர் கொதிக்க வைக்கும் ஜாடி ஒன்றே 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும், ரொட்டி சுடும் ஓவனும் அப்படித்தான். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டி ஒன்றாகப் போட்டால் வயர் சூடேறும். பழைய வீடுகளின் குசினிக்கு ஒரு பிளக் பாயிண்ட் போதும் என்று நினைத்துக் கட்டிய காலத்தில், ரைஸ் குக்கரும் கிரைண்டரும் ஏர் ஃபிரையரும் ஒரே நேரத்தில் ஓடும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

வயர்மேன் வரும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள். குசினிக்கென்று டி.பி. பாக்ஸிலிருந்து (வீட்டின் மின்விநியோகப் பெட்டியிலிருந்து) தனி லைன் வருமா? பிளக் லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? எர்த் வயர் உண்மையிலேயே இணைந்திருக்கிறதா, இல்லை பெயருக்குத் தொங்குகிறதா? ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் இடம் குசினி. கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டிப்பது அந்த ஆர்.சி.சி.பி.தான். அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். வேலை முடிந்த அன்றே உங்கள் கண் முன்னால் அதை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். டப்பென்று விழ வேண்டும்.

இங்கே ஒரு சங்கடம் வரும். நம் குடும்பத்தில் யாராவது ஒரு மாமா, தோட்டத்து மில்லிலோ ஸ்டோரிலோ கரண்ட் வேலை பார்த்தவராக இருப்பார். "நான் இருக்கிறப்போ வெளி ஆளா?" என்று கேட்பார். அவர் அறிவைக் குறைத்து மதிக்க வேண்டாம். "மாமா, லைசென்ஸ் உள்ளவரு செய்யட்டும், நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, உங்களுக்குத்தான் தப்பு தெரியும்" என்று சொல்லுங்கள். எங்கள் மாமா அப்படி நின்றுதான், பழைய பிளக் பாயிண்டுக்குப் பின்னால் எர்த் வயரே இல்லாததைக் கண்டுபிடித்தார். எத்தனை வருடம் அந்த வீட்டில் யார் யார் அதில் சட்டி சூடேற்றினார்களோ, நினைத்தாலே நடுக்கம்.

கேஸ், சுவர், கூரை

14 கிலோ கேஸ் தோம்பை நாமே மாட்டிப் பழகியவர்கள்தான். அதில் தப்பில்லை. ஆனால் சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது என்பதை மறக்கக் கூடாது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தங்கும்; மூடிய கேபினட்டுக்குள் தேங்கும். அதனால் தோம்பைப் புதுக் கேபினட்டுக்குள் அழகாக ஒளித்து வைக்கும் யோசனையை விட்டுவிட்டு, காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். முடிந்தால் பின்சுவருக்கு வெளியே. ரப்பர் குழாய் சிரிம் தரச் சான்று முத்திரை உள்ளதாக இருக்கட்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். சுவருக்குள் செம்புக் குழாய் ஓட்ட வேண்டுமென்றால் அது தெரிந்த ஆளின் வேலை. மாட்டி முடித்ததும் சோப்புத் தண்ணீரைத் தொட்டு இணைப்புகளில் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக் குச்சியைக் கொளுத்திப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

சுவர் உடைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். "குசினிக்கும் கூடத்துக்கும் நடுவுல இருக்கிற சுவரை எடுத்துட்டா எவ்வளவு விசாலம்!" தட்டிப் பார்த்தால் பொள்ளலாகக் கேட்கும், இது சும்மா சுவர்தான் என்று தோன்றும். தட்டிப் பார்த்துச் சுவர் பாரம் தாங்குகிறதா என்று சொல்லவே முடியாது. வரிசை வீட்டில் உங்கள் சுவரின் பாரம் பக்கத்து வீட்டையும் சேர்த்தது. இன்ஜினியர் அல்லது பதிவு பெற்ற டிராஃப்ட்ஸ்மேன் வந்து பார்க்காமல் சுத்தியலை எடுக்க வேண்டாம். அதோடு, நாம் தாளிக்கும் புகை திறந்த குசினியிலிருந்து நேராகச் சோபாவுக்குத்தான் போகும். சுவரை விட்டுவைப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

கூரையையும் சிலிங்கையும் அண்ணாந்து பாருங்கள். பழைய வீடுகளில் சாம்பல் நிறத்தில் கெட்டியான தகடு இருந்தால், அது அஸ்பெஸ்டாஸாக இருக்கக்கூடும். அது அப்படியே இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. ரம்பம் போட்டாலோ, துளை போட்டாலோ, உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறந்து நுரையீரலில் தங்கிவிடும். நோய் பல பத்தாண்டுகள் கழித்து வரும். புகைபோக்கிக் குழாய்க்கு ஓட்டை போடுகிறேன் என்று மச்சானை ஏணியில் ஏற்றிவிடாதீர்கள். முறையாக அகற்றத் தெரிந்தவர்களைக் கூப்பிடுங்கள்.

தரை: ஒரு வாளித் தண்ணீர்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் நொந்துபோனது இங்கேதான்.

தரை டைல்ஸ் வேலையை ஆளிடம்தான் கொடுத்தோம். பார்க்க அழகாகவே இருந்தது. சதுரம் நேராக ஓடியது, கோடு ஒரே அகலத்தில் இருந்தது. பணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். மறுநாள் காலை அம்மா வழக்கம்போல ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, விளக்குமாற்றால் தள்ளினார். தண்ணீர் ஃபுளோர் டிராப் (தரையில் உள்ள வடிகால் வாய்) பக்கம் இரண்டடி போனது. அப்புறம் நிதானமாக இடது பக்கம் திரும்பி, கேபினட்டுக்கு அடியில் நுழைந்தது. துணியால் ஒற்றி எடுத்தோம். அடுத்த நாளும் அப்படித்தான். எட்டாவது மாதம் கேபினட்டின் அடிப்பலகை பாலில் போட்ட ரொட்டி மாதிரி ஊதியிருந்தது. விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. தரையைத் திரும்ப உடைத்துப் போட்டோம். அந்த ஆளைத் தொலைபேசியில் பிடிக்கவே முடியவில்லை.

தரைக்கு ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவாவது சாய்வு வேண்டும், அதுவும் ஃபுளோர் டிராப்பை நோக்கி. கண்ணுக்கு அந்தச் சாய்வு தெரியாது. டைல்ஸுக்கு அடியில் உள்ள சிமெண்டுப் பூச்சில்தான் அது உருவாகிறது. பார்த்தால் தெரியும் வேலை போல இருந்தாலும், உண்மையில் மறையும் வேலைதான். புதியவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பதற்குக் காரணம் அதுதான்.

ஆள் செய்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டைல்ஸ் ஒட்டுமுன் சிமெண்டுப் பூச்சு காய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். வேலை செய்பவர் இந்தோனேசியராகவோ வங்காளதேசியாகவோ இருந்தால், "ஆயர் லாரி கெ மானா?" என்று மலாயில் கேட்டாலே புரிந்துகொள்வார். தண்ணீர் எங்கே ஓடுகிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்கலாம். அப்போது சரிசெய்ய அரை நாள் போதும். டைல்ஸ் ஒட்டிய பிறகு தரையையே மறுபடி உடைக்க வேண்டியிருக்கும்.

டைல்ஸ் வாங்கும் கணக்கை நீங்களே போடலாம். 10 அடிக்கு 12 அடி குசினி என்றால் 120 சதுர அடி. 60 சென்டிமீட்டர் சதுர டைல்ஸ் ஒன்று 3.87 சதுர அடி பிடிக்கும். 31 வரும். வெட்டுச் சேதத்துக்கும் பின்னால் மாற்றுவதற்கும் பத்து சதவீதம் கூட்டினால் 35. ஒரு பெட்டியில் 4 இருந்தால் 9 பெட்டி. மிச்சம் வருவதை வீசாதீர்கள். இரண்டு வருடம் கழித்து ஒன்று உடைந்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. வழவழப்பானது வேண்டவே வேண்டாம். எண்ணெய் சிந்தினால் வயதானவர்கள் விழுவார்கள். கடையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி, நனைத்து, காலால் தேய்த்துப் பாருங்கள்.

நம் கைக்கு உரியவை

பழைய கேபினட்டைக் கழற்றுவதை நீங்களே செய்யுங்கள். தண்ணீரை மீட்டர் பக்கத்தில் மூடிவிட்டு, குசினி லைனை டி.பி.யில் அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். டைல்ஸ் உடைப்பது மட்டும் ஆளுக்கு. உள்ளே எங்கே குழாய், எங்கே வயர் என்று தெரியாமல் உளியை இறக்கக் கூடாது.

பெயிண்ட் முழுக்க நம் வேலை. எண்ணெய்ப் பிசுக்கை முதலில் கழுவிவிட வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போதும். இரண்டு முறை கழுவி, நன்றாகக் காயவிட்டு, சீலர் ஒரு கோட் அடித்து, அப்புறம் கழுவத்தக்க பெயிண்ட் இரண்டு கோட். பிசுக்கின் மேல் அடித்த பெயிண்ட் மாதக்கணக்கில்கூட நிற்காது, தோலாக உரியும்.

அடுப்புக்குப் பின்சுவர் டைல்ஸ் பழகிப் பார்க்க நல்ல இடம். அங்கே சாய்வு வேண்டாம், சின்ன இடம், தண்ணீர் தேங்காது. ஆயத்தப் பசை வாங்கி, பல் வைத்த கரண்டியால் பரப்பி, கீழிருந்து மேலாக ஒட்டிக்கொண்டு போங்கள். ஒரு நாள் காயவிட்டு இடைவெளியை நிரப்புங்கள். தங்கை வீட்டில் நானும் தங்கை கணவரும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்தோம். கண்ணாடி, முகமூடி இல்லாமல் டைல்ஸ் வெட்டாதீர்கள். அந்தத் தூசி நல்லதல்ல.

சிங்கிக் குழாயின் வாயை மாற்றுவது, பழைய கதவுகளுக்குப் புதுக் கீல் போடுவது, பெட்டியில் வரும் ஆயத்த அலமாரியைப் பூட்டுவது எல்லாம் நம்மால் முடியும். கழிவுநீர்க் குழாய் விதிவிலக்கு: சிங்கிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியும் பகுதியை நாமே கழற்றிக் கழுவலாம். சுவருக்குள் நுழையும் இடத்திலிருந்து ஆள்.

கேபினட் எதில்?

இங்கே கரையான் உண்டு, ஈரம் உண்டு. சிப்போர்டு மலிவு, ஆனால் தண்ணீர் பட்டால் கதை முடிந்தது. எங்கள் வீட்டில் ஊதியது அதுதான். பிளைவுட் அதைவிடத் தாங்கும், கரையானுக்கு மட்டும் பயம். இப்போது இந்தப் பக்கம் அலுமினியக் கேபினட் நிறையப் போடுகிறார்கள். கரையான் தொடாது, தண்ணீருக்கும் அசையாது. அளவெடுத்துக் கடையில் செய்து கொண்டுவந்து மாட்ட வேண்டியது என்பதால் அது ஆள் வேலை. சிமெண்டு மேடை போட்டு மேலே டைல்ஸ் ஒட்டி, கீழே கதவு மட்டும் வைப்பது பழைய முறை. எனக்கு இன்றும் பிடித்தது அதுதான். கிரைண்டரை வைக்கலாம், சூடான சட்டியை இறக்கலாம், வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவலாம். ஆனால் அதற்குக் கம்பி கட்டி கான்கிரீட் போட வேண்டும். முட்டுக்கொடுத்த பலகையை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது. கான்கிரீட் முழு வலிமைக்கு வர 28 நாள் ஆகும் என்பதைக் காண்ட்ரெக்டரோடு பேசும்போது நினைவில் வையுங்கள்.

நகராண்மைக் கழகத்துக்கு ஒரு நடை

உள்ளே பெயிண்ட், கேபினட், டைல்ஸ் மாற்றுவதற்குப் பொதுவாக அனுமதி தேவைப்படாது. பின்பக்கம் குசினியை நீட்டுவது, கூரை போடுவது, சுவரை எடுப்பது என்றால் தேவை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. காண்ட்ரெக்டர் "எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க, ஒண்ணும் ஆகாது" என்பார். நோட்டீஸ் வந்தால் அது வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். பின்சந்துச் சாக்கடையை மூடிக் கட்டுவது அக்கம்பக்கத்தாருக்கும் கேடு. மழைத் தண்ணீர் அவர்கள் வீட்டுக்குள் ஏறும்.

ஆள் பிடிப்பது, பணம் கொடுப்பது

மூன்று பேரிடமாவது செபுட் ஹார்கா (விலைப்பட்டியல்) வாங்குங்கள். "குசினி முழுசும் இவ்வளவு வெள்ளி" என்று ஒரே வரியில் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நீங்கள் மூட்டையை அவிழ்த்து எழுதிய அதே தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் தனி விலை கேளுங்கள். பொருள் யார் வாங்குவது, குப்பை யார் அள்ளுவது என்பதும் அதில் இருக்க வேண்டும். குப்பை லாரி விஷயத்தில்தான் கடைசியில் சண்டை வரும். கட்டுமானத் துறை வாரியமான சிஐடிபியில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். முடித்துக்கொடுத்த ஒரு குசினியை நேரில் போய்ப் பாருங்கள். அந்த வீட்டு அம்மாவிடம், "சொன்ன நாளுக்கு வந்தாங்களா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். முக்கால்வாசி தெரிந்துவிடும்.

எல்லாம் ஒரே ஆளிடம் கொடுத்தால் தலைவலி குறையும், விலை கூடும். வயர்மேன், டைல்ஸ் ஆள், அலுமினியக் கடை என்று தனித்தனியாக வைத்தால் விலை குறையும். ஆனால் யார் முன்னால், யார் பின்னால் என்று நீங்கள்தான் ஓட வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு என்றால் ஒரே ஆளிடம் கொடுப்பது நல்லது. பகலில் வீட்டில் நின்று பார்க்க ஒருவர் இருந்தால் தனித்தனியாகவே வையுங்கள்.

முன்பணமாகப் பத்து முதல் இருபது சதவீதத்துக்கு மேல் வேண்டாம். "பொருள் வாங்கணும்" என்று பாதிப் பணம் கேட்டால், "சரி, வாங்க, ஹார்ட்வேர் கடைக்குச் சேர்ந்தே போவோம், நான் கட்டுறேன்" என்று சொல்லுங்கள். மீதியை வேலை நகர நகரக் கொடுங்கள். கடைசிப் பத்து சதவீதம் ஒரு மாதம் கையில் நிற்கட்டும். ரசீது இல்லாமல் ஒரு வெள்ளிகூட வேண்டாம். எங்கள் தரைக்கு ரசீது இருந்திருந்தால் நான் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போயிருப்பேன். அங்கே 50,000 வெள்ளி வரைக்கும் கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் தேவையில்லை. சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும்.

பணத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. 2024 மே மாதத்திலிருந்து ஊழியர் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு வந்து, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாகிவிட்டது. கேபினட்டின் பளபளப்புக்காக அதைக் காலி பண்ணாதீர்கள். வயரிங், தரை, குழாய் மூன்றையும் இந்த வருடம் ஒழுங்காக முடியுங்கள். பழைய கேபினட்டைத் துடைத்து மறுபடியும் மாட்டலாம். புதுக் கேபினட் அடுத்த வருடம் வரட்டும்.

எந்த மாதம்?

தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்று செப்டம்பரில் தொடங்குவதுதான் எல்லோரும் செய்வது. அக்டோபர், நவம்பரில் மேற்குக் கரையில் சாயங்கால மழை கொட்டும். கூரையைத் திறந்து வைத்திருக்கும் நாளில் அந்த மழை வந்தால் சிமெண்டு மூட்டையும் போகும், சிலிங்கும் போகும். அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் வேலை நடப்பதால் ஆளும் கிடைக்க மாட்டார், அரைகுறையாக விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுவார். ஜூன், ஜூலை மழை குறைவான காலம். அப்போது தொடங்கினால் ஆகஸ்ட் மாதம் பெயிண்ட் வாசனைகூடப் போயிருக்கும். சீனப் புத்தாண்டு, ஹரி ராயா வாரங்களை ஒதுக்கிவிடுங்கள், கடையும் மூடியிருக்கும்.

வேலை நடக்கும்போது சமைக்க வழி பார்த்து வையுங்கள். முன்வாசலில் ஒரு மேசை, ரைஸ் குக்கர், ஒற்றை அடுப்பு, கழுவ ஒரு பெரிய தொட்டி. "பத்து நாள்தானே, வெளியில் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று ஆரம்பித்துப் பத்து நாள் ஐம்பது நாளாகும்போது, அந்தச் சாப்பாட்டுக் காசில் ஒரு புகைபோக்கியே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும். புகைபோக்கி என்றதும் ஞாபகம் வந்தது. அது அடுப்புக்கு மேலே 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பெட்டியில் வரும் கையேட்டையும் பார்த்துவிடுங்கள். அதன் குழாய் வெளியே போகும் இடத்தைச் சுவர் பூசும் முன்னாலேயே முடிவு பண்ணிவிடுங்கள்.

மூடும் முன் ஒரு படம்

வயரும் குழாயும் சுவரில் பதித்த பிறகு, பூசுவதற்கு முன்னால் ஒரு நாள் இடைவெளி கேளுங்கள். அளவு டேப்பைச் சுவரில் நீட்டிப் பிடித்து, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், மூலையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எண் தெரியும்படி ஒவ்வொரு சுவரையும் படம் எடுங்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு ஒரு ராத்திரி விட்டுப் பாருங்கள். காலையில் இணைப்புகளில் ஈரம் இருந்தால், பூசுமுன்னே தெரிந்துவிடும்.

அந்தப் படங்களை அச்சுப் போட்டு, பிளாஸ்டிக் உறையில் வைத்து, சிங்கிக் கேபினட் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். பின்னால் ஒரு நாள் அலமாரி மாட்டத் துளை போட வருபவர் முதலில் அதைத் திறந்து பார்க்கட்டும்.